கிறிஸ்மஸ் பரிசு '500 ரூபாய்க்குக் குறையக்கூடாது': இது நியாயமா?

குழித்துறை_அப்பன் | டிசம்பர் 9, இரவு 9:40

சபை பெயர் சொல்லமாட்டேன். கன்னியாகுமரி மாவட்டத்தில் களியக்காவிளைக்கும் மார்த்தாண்டத்துக்கும் இடையில் ஏதோ ஒரு ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ரோட்டில் கல்லெறிந்தால் ஏதாவது ஒரு ஆலயத்து மதிலில்தான் விழும், யாரும் கண்டுபிடிக்க முடியாது.

எங்கள் ஓய்வுநாள் பாடசாலையில் வருடாவருடம் பிள்ளைகள் பெயர் எழுதி, சீட்டுக் குலுக்கி, யாருக்கு யார் வருகிறார்களோ அவர்களுக்குப் பரிசு கொடுப்பார்கள். இந்த வருடம் சீட்டோடு ஒரு வரி சேர்ந்திருக்கிறது: 'பரிசு 500 ரூபாய்க்குக் குறையக்கூடாது'. போன வருடம் ஒரு பிள்ளைக்கு இரண்டு பேனாவும் ஒரு சீப்பும் கிடைத்து, அது அழுது, அதன் அம்மா வந்து கமிட்டியில் சண்டை போட்டாராம். அதனால் இந்த ஏற்பாடு.

என் மகள் ஏழாம் வகுப்பு. அவளுடைய கூட்டுக்காரி ஒருத்தி சீட்டே எடுக்கவில்லை. "அண்ணைக்கு எனக்குக் காய்ச்சல் வரும்" என்றாளாம். பதினைந்து நாள் முன்னாடியே காய்ச்சல் தேதி தெரிந்த பிள்ளை! அப்பா ரப்பர் வெட்டுக்காரர், மரத்தைக் கீறிப் பால் எடுக்கிறவர். இந்த மழைக்கு அவருக்கு எத்தனை நாள் வெட்டு நடந்திருக்கும் என்பது நம்ம பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

எனக்க பாட்டா பனையேறி. கிறிஸ்மஸ் அன்று அதிகாலை ஆராதனைக்குப் புறப்படும் முன் பரணிலிருந்து ஒரு ஓலைக்கொட்டானை இறக்குவார். உள்ளே சுக்குத் தட்டிப் போட்ட சில்லுக் கருப்பட்டி, பேரப்பிள்ளைகள் ஒன்பது பேருக்கும் ஆளுக்கு ஒன்று. டிசம்பரில் அக்கானி (பதநீர்) ஏது? விற்கப் போன கருப்பட்டியில் ஒன்பது துண்டு ஒதுக்கி, எறும்பு தொடாமல், மழைக்குக் கசியாமல், அடுப்புப் புகை படுகிற இடத்தில் மாதக்கணக்காகக் காத்து வைத்தது அது. வாயில் போட்டால் முதலில் புகை, அப்புறம்தான் இனிப்பு. அந்தக் கொட்டான் இப்போதும் என் மேசையில் இருக்கிறது, பேனா போட்டு வைத்திருக்கிறேன்.

கேள்வி இதுதான். கிறிஸ்மஸ் பரிசுக்கு வேதத்தில் என்ன அர்த்தம்? அதற்குக் கீழ்வரம்பு உண்டா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அடிதடி வேண்டாம்.

வெட்டுமணி_பையன் | டிசம்பர் 9, இரவு 10:15

அண்ணே, நான் கமிட்டிக்காரங்க பக்கம். வரம்பு இல்லாவிட்டால் ஒருத்தனுக்கு ரிமோட் கார், அடுத்தவனுக்கு சோப்பு டப்பா. எனக்கு மூன்று வருடம் தொடர்ந்து சோப்பு டப்பா. நான் அழவில்லை என்று யார் சொன்னது?

மேல்வீட்டறை_சகோ | டிசம்பர் 9, இரவு 11:02

ஸ்தோத்திரம். கோபப்படாமல் கேளுங்கள். டிசம்பர் 25 வேதத்தில் இல்லை. பிறந்தநாளைக் கொண்டாடு என்று கர்த்தர் சொல்லவில்லை, மரணத்தை நினைவுகூரத்தான் சொன்னார். எங்கள் சபையில் ஸ்டாரும் இல்லை, மரமும் இல்லை, கிறிஸ்மஸ் தாத்தாவும் இல்லை, ஆகவே இந்த 500 ரூபாய்ப் பிரச்சினையும் இல்லை.

கோட்டாறு_சவேரி | டிசம்பர் 10, காலை 6:20

சகோ, தேதி வேதத்தில் இல்லை என்பது சரி. ஆனால் நேற்று முளைத்த தேதியும் இல்லை. ரோமில் 336-இல் டிசம்பர் 25 கொண்டாடியதற்கு 354-ஆம் வருடத்து அட்டவணை ஒன்று சாட்சி. ஆர்மீனியர்கள் இன்றும் ஜனவரி 6-இல்தான் பிறப்பைக் கொண்டாடுகிறார்கள். தேதியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு யாரும் கும்பிடவில்லை.

நாம் வீட்டு முற்றத்தில் வைக்கும் குடிலுக்கும் வேர் உண்டு. 1223-இல் இத்தாலியில் கிரெச்சோ என்ற மலைக் கிராமத்தில் அசிசி பிரான்சிஸ் உயிருள்ள மாடும் கழுதையும் வைக்கோலும் வைத்து பூசை நடத்த ஏற்பாடு செய்தார். ஆண்டவர் எவ்வளவு இல்லாமையில் பிறந்தார் என்பதை ஜனங்கள் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதற்காக. இப்போது எங்கள் தெருவில் குடிலுக்குள் ஜெனரேட்டர் வைத்து அருவி ஓட்டுகிறார்கள். அது வேறு கதை.

தாத்தா விஷயத்துக்கு வருகிறேன். இன்றைய துருக்கியில் இருக்கும் மீராவில் 4-ஆம் நூற்றாண்டில் ஆயராக இருந்த நிக்கோலாஸ்தான் மூலம். திருநாள் டிசம்பர் 6. கல்யாணத்துக்கு ஸ்ரீதனம் கொடுக்க வழியில்லாத ஒரு அப்பனின் மூன்று பெண்களுக்காக, ராத்திரி யாருக்கும் தெரியாமல் ஜன்னல் வழியாகப் பொன் போட்டார் என்பது வழிவழியாக வருகிற கதை. நம்ம மாவட்டத்தில் அந்தப் புனிதர் பிறந்திருந்தால் ஒரு ஜன்னலுக்கு நூறு பவன் போட வேண்டி வந்திருக்கும், பாவம். ஆனால் கவனியுங்கள், அவர் முகத்தைக் காட்டவில்லை. வாங்குகிறவன் தலைகுனியக்கூடாது என்பதுதான் அங்கே விஷயம். தொகையைச் சீட்டில் அச்சடித்துக் கொடுப்பது அதற்கு நேர் எதிர்.

நெய்யாற்றின்கரை_மருமகள் | டிசம்பர் 10, பகல் 2:30

நான் இந்தப் பக்கத்துக்காரி, பளுகலில் பிறந்தேன். கட்டிக்கொடுத்தது அந்தப் பக்கம், கேரளத்தில், மலங்கரை சபைக்காரர் (சிரியன் கிறிஸ்தவர்) குடும்பம். இங்கே டிசம்பர் ஒன்றாம் தேதியிலிருந்து இருபத்தஞ்சு நோன்பு. மீன் இல்லை, இறைச்சி இல்லை, முட்டைகூடக் கிடையாது. முதல் வருடம் நான் பட்ட பாடு! மரச்சீனிக் கிழங்கை வைத்துக்கொண்டு மீன் குழம்பை நினைத்துக்கொண்டே சாப்பிட்டேன். ஆனால் பிறவிப் பெருநாள், அதாவது கிறிஸ்மஸ், ராத்திரி முற்றத்தில் சிலுவை வடிவத்தில் குழி வெட்டி, போன குருத்தோலை ஞாயிற்றின் காய்ந்த ஓலைகளைப் போட்டுத் தீ வளர்ப்பார்கள். வரிசையாகப் போய் ஒவ்வொருவரும் ஒரு பிடி குந்திரிக்கம் (சாம்பிராணி போன்ற வாசனைப் பிசின்) தீயில் போட வேண்டும். நான் போட்டபோது புகை நேராக என் முகத்தில் அடித்தது. கண்ணீர் வந்தது புகையாலா என்று இன்றுவரை எனக்குச் சரியாகத் தெரியாது. எங்கள் ஓட்டு வீட்டையும் அம்மையையும் நினைத்துக்கொண்டு நின்றேன்.

சிரிக்க ஒன்று. குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த சாஸ்திரிகள் கொண்டு வந்த பரிசுகளை எனக்க மகன் மலையாள வேதத்தில் மனப்பாடம் செய்து அம்மையிடம் சொல்லிக் காட்டினான்: "பொன்னும் குந்துருக்கவும் மூரும்". நம்ம வேதத்தில் பொன், தூபவர்க்கம், வெள்ளைப்போளம். வெள்ளைப்போளம்தான் அங்கே மூரு. அம்மைக்குக் காது கொஞ்சம் மந்தம். "பச்சப்பிள்ளைக்கு மோரா கொண்டு போனானுவ? மார்கழிக் குளிருல நெஞ்சு சளி கட்டாதா? ஞானம் உள்ளவனுவளாம்!" என்று ஒரே ஏச்சு.

குழித்துறை_அப்பன் | டிசம்பர் 10, மாலை 4:05

மருமகள் அக்கா, பஸ்ஸில் வைத்துப் படித்துவிட்டேன், பக்கத்து சீட்டுக்காரர் என்னையே பார்க்கிறார்.

தக்கலை_மருந்துக்கடை | டிசம்பர் 10, இரவு 8:50

அம்மை கேட்டது நல்ல கேள்விதான். மோர் இல்லை, ஆனால் அதைவிட மோசம்.

எங்கள் கடை நாட்டுமருந்துக் கடை, மூன்றாம் தலைமுறை. வெள்ளைப்போளம் என்பது பெயரில் மட்டும்தான் வெள்ளை. உடைத்தால் செம்பழுப்பு, கருப்பட்டிக் கட்டி மாதிரி இருக்கும். சோமாலியா, எத்தியோப்பியா, அரபு நாட்டுப் பக்கம் ஒரு முள்மரம், பட்டையில் கீறினால் கசிந்து இறுகும் பிசின். தூபவர்க்கமும் அப்படியே, வேறு மரம். ரப்பர் வெட்டுக்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம், கீறு, வடியவிடு, காய்ந்ததும் சுரண்டி எடு. நாக்கில் வைத்தால் அரைமணி நேரம் கசப்பு போகாது.

இந்தச் சரக்கு சுவிசேஷத்தில் மறுபடி எங்கே வருகிறது என்று பாருங்கள். சிலுவையில் அடிக்கும் முன் வெள்ளைப்போளம் கலந்த திராட்சரசம் கொடுக்கிறார்கள், அவர் வாங்கவில்லை (மாற்கு 15:23). அடக்கம் செய்ய நிக்கொதேமு வெள்ளைப்போளமும் கரியபோளமும் கலந்து ஏறக்குறைய நூறு இராத்தல் கொண்டு வருகிறார் (யோவான் 19:39). ரோமர் கணக்குப்படி 33 கிலோவுக்குக் கிட்டத்தட்ட. அதாவது ஒரு பிள்ளையின் இருபத்தெட்டு கெட்டுக்கு (பிறந்த இருபத்தெட்டாம் நாள் சடங்குக்கு) போகிற ஆள், வளையும் கொலுசும் கொண்டு போகிற இடத்தில் சாவுக்கோடி கொண்டு போனது மாதிரி. பொன் ராஜாவுக்கு, தூபம் தெய்வத்துக்கு, போளம் சாகப்போகிற மனுஷனுக்கு என்று 2-ஆம் நூற்றாண்டிலேயே இரேனியு என்ற ஆயர் எழுதிவிட்டார். அந்தத் தொட்டிலையும் கல்லறையையும் ஒரே பிசின் ஒட்டிவைத்திருக்கிறது. இதுதான் கிறிஸ்மஸ் என்று எனக்குத் தோன்றும். கேக் வெட்டும்போது யாரும் இதைப் பேசுவதில்லை.

வெட்டுமணி_பையன் | டிசம்பர் 10, இரவு 9:10

கேக் என்றதும் ஞாபகம். நம்ம பக்கத்தில் கிறிஸ்மஸ் கேக்கை முதலில் சுட்டது தலச்சேரியில், மம்பள்ளி பாப்பு என்கிறவர், 1883-இல். ஒரு வெள்ளைக்காரத் தோட்ட முதலாளி மாதிரிக்கு ஒரு கேக் கொண்டு வந்து காட்டி, இதேபோல் செய்யச் சொன்னாராம். நம்ம முந்திரிக்கொத்துக்கு முன்னால் கேக் எல்லாம்...

கோட்டாறு_சவேரி | டிசம்பர் 10, இரவு 9:14

தம்பி, முந்திரிக்கொத்தில் முந்திரி இல்லை என்ற விவாதத்துக்குத் தனி இழை ஓடிக்கொண்டிருக்கிறது. அங்கே போ.

மேல்வீட்டறை_சகோ | டிசம்பர் 11, காலை 5:30

மருந்துக்கடை அண்ணன் சொன்னதை ஏற்கிறேன். நான் சொன்னதும் அதுதானே, மரணம் இல்லாமல் பிறப்புக்கு அர்த்தம் இல்லை.

இன்னும் சில, திருத்தமாக இருக்கட்டும் என்று. மூன்று ராஜாக்கள் என்று வேதத்தில் இல்லை. 'சாஸ்திரிகள்' என்றுதான் இருக்கிறது, எத்தனை பேர் என்றும் இல்லை. பொருள்கள் மூன்று, அவ்வளவுதான். அவர்கள் வந்தது மாட்டுத் தொழுவத்துக்கும் இல்லை, 'வீட்டுக்குள்' என்று மத்தேயு 2:11 தெளிவாகச் சொல்கிறது. குடிலில் மேய்ப்பர்களோடு சேர்த்து ஒட்டகத்தையும் நிறுத்துகிறவர்கள் கவனிக்க.

இதில் ஒரு விஷயம் உண்டு. பிள்ளையை ஆலயத்துக்குக் கொண்டு போனபோது மரியாள் செலுத்தியது ஒரு ஜோடி புறா (லூக்கா 2:24). லேவியராகமம் 12-இன்படி ஆட்டுக்குட்டிக்கு வகையில்லாதவர்கள்தான் புறா கொடுக்கலாம். கையில் பொன் இருந்தால் புறாவா கொடுத்திருப்பார்கள்? ஆகவே சாஸ்திரிகள் அதற்குப் பிறகு வந்திருக்க வேண்டும். கிறிஸ்து பிறந்த வீட்டிலிருந்து முதலில் போன காணிக்கை, இருப்பதிலேயே குறைந்த வரம்பு.  ஆலயத்தில் யாரும் 'இதென்ன புறா' என்று கேட்கவில்லை.

500 ரூபாய்க்கு நேரான வசனமும் இருக்கிறது. 'அவனவன் விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல, தன் மனதில் நியமித்தபடியே கொடுக்கக்கடவன்' (2 கொரிந்தியர் 9:7). கட்டாயமாயுமல்ல. கமிட்டிக்கு இதை வாசித்துக் காட்டுங்கள்.

குழித்துறை_அப்பன் | டிசம்பர் 11, காலை 7:45

கிறிஸ்மஸ் வேண்டாம் என்கிற ஆள்தான் கிறிஸ்மஸுக்கு வேண்டிய வசனத்தை எடுத்துக் கொடுத்திருக்கிறார். நன்றி சகோ. சாயா என் கணக்கு.

மேல்வீட்டறை_சகோ | டிசம்பர் 11, காலை 7:52

சாயா குடிக்கலாம். கேக் வேண்டாம்.

தேங்காய்ப்பட்டணம்_காக்கா | டிசம்பர் 11, பகல் 1:10

நான் இதில் பேசலாமா தெரியவில்லை. குர்ஆனில் மர்யம் என்றே ஒரு அத்தியாயம் உண்டு, 19-ஆவது. அங்கே பிரசவ வேதனையில் அந்தத் தாய் போய் ஒண்டுவது ஒரு பேரீச்சை மரத்தடியில். மரத்தை உலுக்கு, பழம் விழும் என்று சொல்லப்படுகிறது. பக்கத்தில் மனுஷர் யாரும் இல்லை, அந்த நேரத்தில் கிடைத்தது அந்தப் பழமும் காலடியில் ஓடிய நீரும்தான். எனக்கு அது படிக்கும்போதெல்லாம் உம்மா ஞாபகம் வரும்.

பக்கத்து வீட்டு மாமி கிறிஸ்மஸுக்கு ஒரு எவர்சில்வர் தூக்கில் அச்சுமுறுக்கு கொண்டு வருவார். உம்மா அந்தத் தூக்கை வெறுமனே திருப்பிக் கொடுக்கமாட்டார். எங்கள் பெருநாள் வரை வைத்திருந்து பத்திரி (அரிசி ரொட்டி) போட்டுத்தான் போகும். ஒரு வருடம் இரண்டு வீட்டிலும் பேச்சுவார்த்தை இல்லை, மதில் தகராறு. தூக்கு மட்டும் போய் வந்துகொண்டிருந்தது, எங்களைப் போன்ற பிள்ளைகள் கையில். தூக்கின் அடியில் இரண்டு வீட்டுப் பெயரின் முதலெழுத்தும் பொறித்திருக்கும். யாருடையது என்று இப்போது ஒருவருக்கும் தெரியாது.

நெய்யூர்_பேத்தி | டிசம்பர் 11, இரவு 10:40

பொக்கிஷமான பரிசு என்றால் என்னிடம் ஒன்று உண்டு. லண்டன் மிஷன் காலத்தில், 1820-களில், நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் அம்மையார் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார், அது நம்ம பக்கமெல்லாம் பரவியது என்பது தெரிந்த கதை. எங்கள் பாட்டி அந்த வேலைதான் செய்தாள். உருளைத் தலையணை மேல் மாதிரித் தாளை விரித்து, குண்டூசி குத்தி, நூல் சுற்றிய மரக்குச்சிகளை மாற்றி மாற்றிப் போடுவாள். கட கட என்று ஒரு சத்தம், அதைக் கேட்டுக்கொண்டே தூங்குவோம். உச்சிவெயிலில் பின்னமாட்டாள். கை வேர்த்தால் நூல் மஞ்சளித்துவிடும், முதலாளி கூலியில் பிடிப்பான். பின்னிய ஒரு சாண்கூட வீட்டில் தங்காது.

நான் பிறந்த வருடம் மிச்ச நூல்களை, முழத்துக்கும் குறைந்த துண்டுகளை, சேர்த்துச் சேர்த்து ஒரு தொப்பி பின்னினாள். என் ஞானஸ்நானத் தொப்பி. உற்றுப் பார்த்தால் இருபது முப்பது முடிச்சு தெரியும். விற்பனைக்குப் போயிருந்தால் 'டேமேஜ்' என்று திருப்பி அனுப்பியிருப்பார்கள். என் மகளுக்கும் அதையே போட்டேன். கிறிஸ்மஸுக்குப் பெட்டியைத் திறந்து காற்றாட வைப்பேன், அவ்வளவுதான். நாப்தலின் வாசனையோடு பாட்டியும் கொஞ்சம் வருவாள்.

வெட்டுமணி_பையன் | டிசம்பர் 11, இரவு 10:58

அக்கா... நான் சோப்பு டப்பாவைப் பற்றிச் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஒரு டப்பா இப்போதும் வீட்டில் இருக்கிறது, அம்மா அதில் ஊசி நூல் வைத்திருக்கிறாள்.

பனச்சமூடு_டீச்சர் | டிசம்பர் 12, காலை 9:00

முப்பத்திரண்டு வருடம் கணக்கு டீச்சராக இருந்தேன், ஆகவே கணக்கில் சொல்கிறேன்.

சகோ 9:7-ஐ எடுத்தார். அதே அதிகாரத்தின் கடைசி வசனத்தை விட்டுவிட்டார். 'தேவன் அருளிய சொல்லிமுடியாத ஈவுக்காக அவருக்கு ஸ்தோத்திரம்.' கிறிஸ்மஸ் வாழ்த்து அட்டையில் எல்லாரும் போடுகிற வசனம். ஆனால் பவுல் அதைக் கிறிஸ்மஸைப் பற்றிப் பேசும்போது சொல்லவில்லை. எருசலேமில் இல்லாதப்பட்டவர்களுக்காகப் பணம் வசூலிக்கிற விஷயம், எட்டாம் அதிகாரம் முழுக்க, ஒன்பதாம் அதிகாரம் முழுக்க. வரவு செலவு பேசிக்கொண்டே வந்து, கடைசியில் இந்த வரி. எல்லாக் காணிக்கைக்கும் முன்னால் ஏற்கெனவே ஒரு ஈவு வந்துவிட்டது என்கிறார். பிள்ளையைத் தந்தாரே, அது.

வகுப்பில் வகுத்தல் சொல்லிக் கொடுக்கும்போது ஈவு, மீதி என்று எழுதுவோம். ஒரு பயல் கேட்டான், "டீச்சர், வேதத்துல வர்ற ஈவும் இதுதானா?" சிரித்துவிட்டு அமரச் சொன்னேன். வீட்டுக்கு வந்து யோசித்தேன், இதேதான். எத்தனை பேருக்கு வகுக்கிறோமோ அத்தனை பேருக்கும் ஆளுக்குக் கிடைப்பதுதான் ஈவு. குழித்துறை அப்பனின் பாட்டா ஒன்பது துண்டு வைத்தாரே, அது ஈவு. ஆளுக்கு இவ்வளவு கொண்டு வா என்று சொல்வது ஈவு இல்லை, வரி. ஒரு பிள்ளை சீட்டு எடுக்காமல் போகிறது என்றால் கணக்கில் மீதி விழுந்துவிட்டது. மீதி வந்தால் நான் மதிப்பெண்ணைக் குறைக்கமாட்டேன், ஆனால் இது ஆலயம்.

நெய்யாற்றின்கரை_மருமகள் | டிசம்பர் 12, காலை 11:25

டீச்சர், மலையாள வேதத்தில் அந்த இடம் 'பறஞ்ஞுதீராத்த தானம்'. தானம் என்றால் கொடுத்தவர் மேலே, வாங்கினவர் கீழே நிற்கிற மாதிரி எனக்கு ஒரு தோற்றம். ஈவு என்கிறபோது அது இல்லை.

பனச்சமூடு_டீச்சர் | டிசம்பர் 12, காலை 11:40

ஆமாம் பிள்ளே. ஆனால் மலையாளத்துக்காரர்களிடம் சொல்லாதே, ஏற்கெனவே தண்ணீர்த் தகராறு இருக்கிறது.

குழித்துறை_அப்பன் | டிசம்பர் 26, காலை 10:10

முடிந்த கதையைச் சொல்கிறேன். கமிட்டியில் பேசினேன். செயலாளர் "அடுத்த வருடம் பார்ப்போம்" என்றார். வசனத்தை வாசித்தேன். "அது காணிக்கைக்கு உள்ள வசனம், பரிசுக்கு இல்லை" என்றார் இன்னொருவர். ஐயர் (எங்கள் சபைப் போதகர்) ஒன்றும் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தவர், ஞாயிறு அறிவிப்பில் "பரிசைக் கையால் செய்தும் கொண்டு வரலாம், விலை கேட்கப்படாது" என்று ஒரு வரி சேர்த்து வாசித்துவிட்டார். 500 என்ற வரி எடுக்கப்படவில்லை. இரண்டும் சேர்ந்து நோட்டீஸ் போர்டில் தொங்கியது.

அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் வரவில்லை. சீட்டில் ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் வந்திருந்தான். அவள் கொண்டு வந்தது ஒட்டுப்பால் பந்து. சிரட்டையிலும் வெட்டுச்சாலிலும் ஒட்டிக் காய்ந்த ரப்பர் பாலை நாடா நாடாவாக உரித்து, இழுத்து, சுற்றிச் சுற்றி, தேங்காய் அளவுக்கு. நாங்கள் சின்ன வயதில் செய்ததுதான், நான் பார்த்து முப்பது வருடம் இருக்கும். ஒட்டுப்பாலை விற்றாலும் கிலோவுக்கு நல்ல காசு கிடைக்கும், அது தெரிந்துதான் அப்பா கொடுத்திருக்கிறார்.

பையன் ஆலயத்து முற்றத்தில் ஒரு தட்டுத் தட்டினான். பந்து ஓட்டுக்கு மேலே போய், கட்டியிருந்த ஸ்டாரின் ஒரு கால் வழியாக உள்ளே நுழைந்து பல்பை உடைத்துவிட்டு வந்தது. அப்புறம் ரிமோட் கார் கிடைத்தவன் உட்பட மொத்தப் பிள்ளைகளும் அதன் பின்னால்தான். செயலாளர் பல்பு கணக்கு எழுதிக்கொண்டிருந்தார்.

இப்போது அந்தப் பிள்ளை என் மகளுக்கும் ஒரு பந்து சுற்றிக் கொடுத்திருக்கிறாள். வீடு முழுக்க ஒட்டுப்பால் வாடை. வீட்டுக்காரி வெளியே வை என்கிறாள், மகள் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துத் தூங்குகிறாள். வாடை போக ஏதாவது வழி உண்டா? மருந்துக்கடை அண்ணே?

தக்கலை_மருந்துக்கடை | டிசம்பர் 26, காலை 10:32

போகாது. கொஞ்சம் குந்திரிக்கம் போட்டுப் புகை காட்டிப் பாருங்கள். கடைக்கு வந்தால் வெள்ளைப்போளமும் ஒரு துண்டு தருகிறேன், பிள்ளைகள் பார்க்கட்டும். நாக்கில் வைக்க விடாதீர்கள்.